பொறி – 9: வைக்கோல் பரணில் பிறந்த டெல்கோ

சென்ற வாரம் ஸ்டுட்கார்ட் நகரில், ராபர்ட் போஷின் பட்டறையில் நிறுத்தியிருந்தோம்.

வந்த வழியைச் சுருக்கமாக நினைவுபடுத்திக்கொள்வோம். 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் கம்பியைச் சுற்றினார். ஒரு பக்கத்தில் மின்சாரத்தை விட்ட கணத்திலும் நிறுத்திய கணத்திலும் மட்டும் மறுபக்கத்து முள் துள்ளியது. 1836-ல் அயர்லாந்தின் மேனூத் குருமடத்தில் நிக்கலஸ் காலன் என்ற பாதிரியார் தடித்த கம்பியையும் மெல்லிய கம்பியையும் ஒரே இரும்பின் மேல் சுற்றிக் கண்ணுக்குத் தெரியும் பொறியை வரவழைத்தார். பாரிஸில் ரூம்கோர்ஃப் அந்த இரட்டைச் சுருளை, அதாவது காயிலை, செப்பனிட்டுக் கடைக்குக் கொண்டுவந்தார். 1860-ல் லெனுவார் அதே காயிலைத் தம் வாயு எஞ்சினில் பூட்டினார். 1886-ல் கார்ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டி அந்தப் பொறியால் ஓடியது. 1902-ல் போஷின் பட்டறையில் கோட்லோப் ஹோனோல்ட் உயர் அழுத்த மேக்னெட்டோவை உருவாக்கினார். பேட்டரியே வேண்டாம், எஞ்சின் சுற்றச் சுற்றத் தன் பொறியைத் தானே செய்துகொள்ளும்.

அத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த முக்கால் நூற்றாண்டுக்கு உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை பேட்டரியாலும் காயிலாலும்தான் பற்றவைக்கப்பட்டன. தோற்ற காயில் எப்படித் திரும்பி வந்தது என்ற கேள்வியோடு போன வாரம் பிரிந்தோம்.

விடை ஒரு சொல்லில் ஒளிந்திருக்கிறது. அந்தச் சொல் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்றும் புழங்குகிறது.

*

பழைய அம்பாசிடரோ மாருதி 800-ஓ வைத்திருந்தவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். மழைக்காலக் காலையில் வண்டி இருமிவிட்டு நிற்கும். மெக்கானிக் பானட்டைத் தூக்கிப் பார்த்து, “டெல்கோவக் கழட்டிப் பாக்கணும் சார், பாயிண்ட் கரிஞ்சிருக்கும்” என்பார். கறுப்பு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் இரண்டு சின்ன உலோக முனைகளை உப்புத்தாளால் தேய்ப்பார். வண்டி கிளம்பிவிடும்.

டெல்கோ என்பது அந்த உறுப்பின் பெயரே கிடையாது. புத்தகத்தில் அதற்குப் பெயர் டிஸ்ட்ரிபியூட்டர். டெல்கோ என்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் தோன்றிய ஒரு நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம்: டேட்டன் எஞ்சினீயரிங் லேபரட்டரீஸ் கம்பெனி. பெயரில் பரிசோதனைக் கூடம் இருக்கிறது. உண்மையில் அது ஒரு வீட்டின் பின்புறத்துக் கொட்டகை. வேலை நடந்த இடம் அதன் வைக்கோல் பரண்.

ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலும் இதே உறுப்புக்கு டெல்கோ என்றுதான் பெயர். ஒரு கொட்டகையின் பெயர் இப்படிக் கடல் கடந்து கரிபடிந்த கைகளில் நிலைத்துப்போனதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆய்வாளர்களின் பெயர்கள் பாடப்புத்தகத்தில் நிற்கும். தொழிலாளியின் நாக்கில் நிற்பது அபூர்வம்.

*

1908-ஆம் ஆண்டில் கார் வைத்திருந்தவரின் காலைப்பொழுது எப்படி இருந்திருக்கும்?

வண்டிக்குள் உட்கார்ந்தால் முன்பலகையில் மரப்பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒரு சிலிண்டருக்கு ஒரு பெட்டி. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காயில், அதன் தலையில் ஓர் அதிர்தகடு. அந்த ஆண்டு அக்டோபரில் வெளிவந்த ஃபோர்டின் மாடல் டி காரிலும் இப்படி நான்கு பெட்டிகள் இருந்தன.

அதிர்தகட்டின் வேலை வீட்டு மின்மணியின் வேலையேதான். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் அதன் இரும்புத் தண்டு காந்தமாகித் தகட்டை இழுக்கிறது. தகடு நகர்ந்ததும் இணைப்பு அறுகிறது. காந்தம் போய்விடுகிறது, தகடு பழைய இடத்துக்குத் துள்ளுகிறது, மறுபடி இணைப்பு, மறுபடி அறுப்பு. நொடிக்கு நூறு முறைக்கும் மேலாக இந்த ரீங்காரம் நடக்கும். ஒவ்வொரு அறுப்புக்கும் ஒரு பொறி. ஸ்பார்க் பிளக்கின் முனையில் மத்தாப்புப்போல் பொறிகள் கொட்டும்.

கேட்கும்போது நல்ல ஏற்பாடாகத்தான் தெரிகிறது. ஒரு பொறி தவறினாலும் அடுத்தது பற்றவைத்துவிடும் அல்லவா?

சிக்கல் நேரத்தில் இருந்தது.

எஞ்சினுக்கு வேண்டியது எப்போதோ ஒரு பொறி அன்று. பிஸ்டன் மேலேறி, பெட்ரோல் கலந்த காற்றை நெருக்கி முடிக்கப்போகும் அந்தக் குறிப்பிட்ட கணத்தில் பொறி விழ வேண்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கில் அது 9 பாகை திரும்பிவிடும். அதிர்தகடு இழுபட்டு முதல் அறுப்பு நிகழவே அப்படி இரண்டு மூன்று பங்கு நேரம் ஆகும். அதற்குள் எஞ்சின் 20 பாகைக்கு மேல் ஓடிவிடுகிறது.

எல்லாப் பெட்டியும் ஒரே அளவுக்குத் தாமதித்தால்கூடச் சமாளித்துவிடலாம். ஒரு தகடு கொஞ்சம் விறைப்பாகவும் இன்னொன்று கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும். நான்கு சிலிண்டரும் நான்கு நேரத்தில் வெடிக்கும். வண்டி திக்கித் திணறும். ஓட்டுநர் இறங்கி ஒவ்வொரு திருகையும் காதால் கேட்டுக் கேட்டு முறுக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல் பேட்டரி. ஒரு பொறி போதும் இடத்தில் பத்துப் பொறி கொட்டினால் மின்சாரமும் அதற்கேற்பத்தான் செலவாகும். அன்றைய வண்டிகள் பலவற்றில் இருந்தவை உலர் மின்கலங்கள். தீர்ந்தால் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியதுதான்.

மேக்னெட்டோ வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைத்துக்கொண்டார்கள். ஆனால் அதன் விலை அதிகம். அதோடு பிறவியிலேயே ஒரு குறையும் அதற்கு இருந்தது. வேகமாகச் சுற்றினால் வலுவான பொறி; மெதுவாகச் சுற்றினால் நோஞ்சான் பொறி. வண்டியைக் கிளப்பும்போது மனிதக் கை எவ்வளவு வேகமாகச் சுற்றிவிட முடியும்? பொறி மிக அதிகமாகத் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் மேக்னெட்டோ கைவிடும். அதனால் பல வண்டிகளில் இரண்டையும் வைத்தார்கள்: கிளப்புவதற்குப் பேட்டரியும் காயிலும், ஓடுவதற்கு மேக்னெட்டோ. ஒரு வேலைக்கு இரண்டு குடும்பம்.

*

டேட்டனில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் என்ற பெரிய நிறுவனம் இருந்தது. கடைக்காரர் மேசையில் மணியடித்துத் திறக்கும் பணப்பெட்டி இயந்திரங்களைச் செய்தவர்கள் அவர்கள். அங்கே மின்பொறியாளராக இருந்தவர் சார்லஸ் கெட்டரிங்.

அவர் பிறந்த நாள் 1876 ஆகஸ்ட் 29. இத்தொடரைத் தொடக்கத்திலிருந்து படிப்பவர்களுக்கு அந்தத் தேதி உறைக்கும். ஃபாரடேயின் இரும்பு வளையத்துக்கு அன்று சரியாக 45 வயது. தற்செயல்தான்; ஆனால் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை.

ஒஹையோவின் விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. கண் பார்வை சிறு வயதிலிருந்தே தொந்தரவு. கல்லூரியில் சேர்ந்தும் கண்வலியால் படிப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆஷ்லண்ட் என்ற ஊரில் தொலைபேசிக் கம்பி இழுக்கும் குழுவில் வேலைக்குச் சேர்ந்தார். குழி தோண்டினார், கம்பம் நட்டார், இணைப்பகக் கருவிகளைப் பழுது பார்த்தார். பின்னாளில் அவர் மணந்துகொண்ட ஆலிவ் வில்லியம்ஸை அங்கேதான் சந்தித்தார். அவர் அந்த ஊர்த் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தவர். உடல் தேறியபின் கல்லூரிக்குத் திரும்பி, அறைத் தோழர்கள் பாடத்தை வாய்விட்டுப் படிக்கக் கேட்டே படித்து, 1904-ல் பட்டம் பெற்றார்.

அந்தத் தொலைபேசி வருடங்களைக் கவனமாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி இணைப்பகம் முழுவதும் நிறைந்திருப்பவை ரிலேக்கள். சிறு மின்சாரம் வந்தால் ஒரு குட்டிக் காந்தம் உயிர்பெற்று இன்னொரு சுற்றைத் திறக்கும் அல்லது மூடும். மனிதக் கை இல்லாமல் இயங்கும் சுவிட்ச். கெட்டரிங்கின் விரல்களுக்கு அது பழகிப்போன பொருள்.

அவரை வேலைக்கு அமர்த்தியவர் எட்வர்ட் டீட்ஸ். அதே நிறுவனத்தின் உயர் அதிகாரி, கார் பித்துப் பிடித்தவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் தமக்கென்று ஒரு காரைப் பூட்டிக்கொண்டிருந்தார். பூட்டிய கார் ஓடும்போது அதன் பற்றவைப்பு அவரை எரிச்சலூட்டியது. அதே காலத்தில் டெட்ராய்ட்டிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. பழைய சகா ஒருவர் அங்கே கேடிலாக் கார் நிறுவனத்தில் வேலைக்குப் போயிருந்தார். வாடிக்கையாளர்களின் பெரிய புகாரே பற்றவைப்புத்தான், ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டிருந்தார்.

பகலில் பணப்பெட்டி, இரவிலும் விடுமுறைகளிலும் கொட்டகை. கெட்டரிங்கோடு அலுவலக நண்பர்கள் சிலரும் வேலை முடிந்ததும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஊரார் அவர்களைக் ‘கொட்டகைக் கூட்டம்’ என்று அழைத்தார்கள். 1909 ஜூன் மாதம் டேட்டன் நகரமே தன் பிள்ளைகளான ரைட் சகோதரர்களுக்கு இரண்டு நாள் விழா எடுத்துக் கொண்டாடியது. அந்த ஊர் அப்போது அப்படிப்பட்ட ஊர். வீட்டுப் பின்புறங்களில் புதுமைகள் பிறந்துகொண்டிருந்தன.

*

இங்கே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன். கெட்டரிங் செய்தது என்ன என்று புரிய வேண்டுமானால், ஒரு காயிலுக்குள் நடப்பதைக் கண்முன் நிறுத்தியாக வேண்டும். பலரும், சில பாடப்புத்தகங்கள் உட்பட, இதைப் பாதியோடு விட்டுவிடுகிறார்கள்.

ஒரு மெல்லிரும்புத் தண்டு. அதைச் சுற்றி இரண்டு சுருள்கள். முதன்மைச் சுருள் தடித்த கம்பியில் சில நூறு சுற்று. துணைச் சுருள் தலைமுடிபோன்ற மெல்லிய கம்பியில் 20,000 சுற்று அல்லது அதற்கும் மேல். விகிதம் ஏறத்தாழ ஒன்றுக்கு நூறு.

பேட்டரி 12 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். நமக்குப் பழகிய அம்பாசிடர் கணக்கு. நூறு மடங்கு என்றால் 1,200 வோல்ட். வழக்கமான விளக்கம் இங்கே நின்றுவிடும். ஆனால் 1,200 வோல்ட் எதற்கும் உதவாது. சாதாரணக் காற்றில் ஒரு மில்லிமீட்டர் தாண்டவே 3,000 வோல்ட் அளவு வேண்டும். சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்பட்டிருக்கிறது; அங்கே இன்னும் பல மடங்கு தேவை. நடைமுறையில் காயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் தருகிறது.

மீதி எங்கிருந்து வருகிறது?

அறுப்பிலிருந்து வருகிறது.

பாயிண்ட் மூடியதும் முதன்மைச் சுருளில் மின்சாரம் ஏறத் தொடங்குகிறது. சட்டென்று ஏறாது. தண்டைக் காந்தமாக்கிக்கொண்டே, அதன் எதிர்ப்பைத் தாங்கிக்கொண்டே, நொடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரம் எடுத்து 4 ஆம்பியர் அளவுக்கு வருகிறது. இப்போது இரும்பைச் சுற்றிக் காந்தப்புலம் நிறைந்து நிற்கிறது. அதில் சேர்ந்திருக்கும் ஆற்றல் மிகச் சிறியது. ஐந்து கிராம் எடையுள்ள ஒரு நாணயத்தை மார்பளவு உயரத்துக்குத் தூக்கத் தேவையான ஆற்றல், அவ்வளவுதான்.

பாயிண்ட் திறக்கிறது.

தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது வால்வைப் படாரென்று மூடினால் குழாய் ‘தட்’டென்று அதிர்வதைக் கேட்டிருப்பீர்கள். ஓடிய தண்ணீர் நிற்க மறுத்து முட்டுகிறது. காயிலும் அதைத்தான் செய்கிறது. ஏறுவதற்கு எடுத்த நேரத்தில் சிறு பங்குகூட இல்லாமல், நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் புலம் சரிகிறது. புலம் எவ்வளவு விரைவாகச் சரிகிறதோ அவ்வளவு அழுத்தம். முதன்மைச் சுருளிலேயே, 12 வோல்ட் மட்டும் இருந்த அந்தச் சுருளிலேயே, 200 முதல் 300 வோல்ட் எழும்புகிறது. அந்த 200, 300-ஐத்தான் துணைச் சுருள் நூறு மடங்காக்குகிறது. கணக்கு இப்போது சரியாகிறது: 20,000 முதல் 30,000 வோல்ட்.

ஆக, இரண்டு பெருக்கல்கள். ஒன்று கம்பியின் சுற்று எண்ணிக்கையால் வருவது. மற்றது திடீர் அறுப்பால் வருவது. முதலாவதைச் சுற்றிவைத்துவிட்டால் அது எப்போதும் அப்படியே இருக்கும். இரண்டாவதை ஒவ்வொரு பொறிக்கும் புதிதாகச் சம்பாதிக்க வேண்டும். அறுப்பு மந்தமாக இருந்தால் பொறி செத்துவிடும்.

அறுப்பு மந்தமாவதற்கு ஒரு காரணம் எப்போதும் காத்திருக்கிறது. பாயிண்ட் திறக்கும் முதல் கணத்தில் இரண்டு முனைகளுக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி. நிற்க மறுக்கும் மின்சாரம் அந்த இடைவெளியையே தாண்டிப் பாயப் பார்க்கும். பாய்ந்தால் பிளக்கில் விழ வேண்டிய பொறி பாயிண்டிலேயே விழுந்துவிடும். முனைகளும் கரியும். இதற்கு மருந்து கண்டவர் ஒளியின் வேகத்தைப் பூமியில் அளந்த அதே ஃபீஸோ. 1853-ல், ரூம்கோர்ஃப் காயிலின் அறுப்பு முனைகளோடு ஒரு கண்டென்சரை இணைக்கச் சொன்னார். அறுந்த கணத்தில் மின்சாரம் முதலில் அந்தக் கண்டென்சருக்குள் ஒதுங்கும். அது நிரம்புவதற்குள் முனைகள் தாண்ட முடியாத தொலைவுக்கு விலகியிருக்கும். கண்டென்சர் போன வண்டியில் பாயிண்ட் அடிக்கடி கரிந்துபோவது ஏன் என்று நம் மெக்கானிக்குகளுக்குத் தெரியும். ஃபீஸோவின் பெயர் தெரிய வேண்டியதில்லை.

இவ்வளவும் கெட்டரிங்குக்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்தவை. காயில் புதிதில்லை, கண்டென்சர் புதிதில்லை. எப்போது அறுப்பது, எத்தனை முறை அறுப்பது, யார் அறுப்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் விடைசொல்லும் பொறுப்பு அதுவரை ஒரு நடுங்கும் தகட்டிடம் இருந்தது.

*

பரணில் கெட்டரிங் எடுத்த முடிவு இதுதான்: ஒரு வெடிப்புக்கு ஒரே ஒரு பொறி. வலுவான, நேரம் தவறாத ஒரு பொறி.

இன்று இது சாதாரணமாகத் தெரியும். அன்று பொறிமழைதான் பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பினார்கள். ஒற்றைப் பொறியை நம்பி ஓர் எஞ்சினை ஒப்படைப்பது துணிச்சலான காரியம். ஃபிரான்ஸில் டி டியோன் வண்டிகள் அதிர்தகடு இல்லாமல் ஓடியிருக்கின்றன. அந்தப் பாதை பரவவில்லை.

அவர் கையிலெடுத்த கருவி பழைய தொலைபேசி ரிலே. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் ஒரு தொடுமுனை, உரிய நேரத்தில் ரிலேயை எழுப்பும். ரிலே காயிலின் மின்சாரத்தை வெடுக்கென்று அறுக்கும். பொறி விழும். இதுவரை அதிர்தகட்டுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அறுத்தபின் என்ன என்பதில்தான் கெட்டரிங்கின் மூளை இருக்கிறது. அவர் ஒரு ‘பிடிச்சுருளை’ச் சேர்த்தார். அறுத்த தகடு திரும்பித் துள்ளாதபடி அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் தொடுமுனை விலகும் வரை விடாது. அதனால் இரண்டாவது அறுப்பு இல்லை, மூன்றாவது இல்லை. ரீங்காரம் ஓய்ந்தது.

நான்கு பெட்டிக்கு நான்கு தகடு என்ற குழப்பமும் ஓய்ந்தது. ஒரே ரிலே எல்லாச் சிலிண்டருக்கும் அறுத்ததால், தாமதம் எல்லோருக்கும் ஒன்றே. பேட்டரிச் செலவும் பல மடங்கு குறைந்தது.

கொஞ்ச காலத்தில் ரிலேயும் தேவையற்றுப்போனது. சுற்றும் தண்டின் புடைப்பே பாயிண்டைத் தள்ளித் திறந்துவிடும்; மேலே ஒரு சுழல்கை, வந்த பொறியை எந்தச் சிலிண்டருக்கு அனுப்புவது என்று பங்கிடும். பாயிண்டும் கண்டென்சரும் சுழல்கையும் ஒரே மூடிக்குள் அடங்கின. நம் மெக்கானிக் உப்புத்தாளோடு திறந்தாரே, அதே மூடி.

தமிழில் பொறி என்றால் தீத்துளியும்தான், இயந்திரமும்தான். இரண்டையும் ஒரே சொல்லில் வைத்தவர்கள் இந்த மூடிக்குள் எட்டிப் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

*

கண்டுபிடிப்பைச் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. டெட்ராய்ட்டில் ஹென்றி லேலண்ட் இருந்தார்.

கேடிலாக்கின் தலைவர். 1843-ல் பிறந்தவர், அப்போது அறுபதைக் கடந்த வெண்தாடிப் பெரியவர். ப்ரௌன் அண்டு ஷார்ப் என்ற நுண்கருவி நிறுவனத்தில் ஊறியவர். 1908-ல் இங்கிலாந்தின் ப்ரூக்லண்ட்ஸ் ஓடுபாதையில் அவருடைய மூன்று கார்களை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் குவித்துக் கலக்கி, அந்தக் குவியலிலிருந்தே மறுபடி மூன்று கார்களைப் பூட்டி 500 மைல் ஓட்டிக் காட்டினார்கள். அந்தச் சோதனைக்காக கேடிலாக்குக்கு டூவர் கோப்பை கிடைத்தது. மயிரிழை பிசகினாலும் ஏற்காத மனிதர் அவர்.

அப்படிப்பட்டவர் முன்னால் கொட்டகையில் செய்த கருவியை வைப்பது எளிதில்லை. பொறிவிழும் நேரம் சிலிண்டருக்குச் சிலிண்டர் மாறுவதை, உறுப்புகளின் அளவு மாறுவதைப்போலவே அவர் வெறுத்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். நுட்பத்தை வழிபட்டவருக்கு நடுங்கும் தகடுகள் எப்படிப் பிடித்திருக்கும்?

கருவி பூட்டிய வண்டி ஓட்டிப் பார்க்கப்பட்டது. லேலண்டின் பொறியாளர்கள் சோதித்தார்கள். 1910-ஆம் ஆண்டுக்கான கார்களில் இதையே பூட்டுவது என்று முடிவாயிற்று. ஆயிரக்கணக்கில் வேண்டும் என்று ஆர்டர் வந்தது.

டேட்டனில் மகிழ்ச்சியும் திகைப்பும் ஒன்றாக வந்து இறங்கின. காரணம், அவர்களிடம் தொழிற்சாலை இல்லை. இருந்தது ஒரு பரண், சில நண்பர்கள், இரவு நேரம். 1909 ஜூலை 22 அன்று டீட்ஸும் கெட்டரிங்கும் தங்கள் கூட்டுக்கு ஒரு நிறுவன வடிவம் கொடுத்தார்கள். டெல்கோ பிறந்தது. அதே மாதத்தில் கேடிலாக் நிறுவனத்தை ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிக்கொண்டது. கெட்டரிங் நிலையான சம்பளத்தைத் துறந்து பணப்பெட்டி நிறுவனத்திலிருந்து வெளியேறினார்.

கருவிகளைச் செய்துகொடுக்க அவர்கள் தேடிப் போனது சிகாகோவின் கெல்லாக் என்ற நிறுவனத்தை. தொலைபேசி இணைப்பகக் கருவிகள் செய்வதுதான் கெல்லாக்கின் தொழில். ஆஷ்லண்டில் கம்பம் ஏறிய வாலிபனின் கதை ஒரு சுற்றுச் சுற்றித் தொலைபேசிக்காரர்களின் வாசலிலேயே வந்து நின்றது.

*

1910-ஆம் ஆண்டு கேடிலாக் கார்கள் சாலைக்கு வந்தன. புதிய பற்றவைப்பு வேலை செய்தது. காயில் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் மேக்னெட்டோக்காரர்கள் இன்னும் நிம்மதியாகத்தான் இருந்தார்கள். காரணம் உண்டு. எவ்வளவு சிக்கனமாகச் செலவழித்தாலும் உலர் மின்கலம் ஒருநாள் தீரத்தான் செய்யும். மேக்னெட்டோவுக்குத் தீர்வதென்பதே இல்லை. காயில் உண்மையில் வெல்ல வேண்டுமானால் வண்டிக்குள்ளேயே மின்சாரம் உற்பத்தியாகி, வண்டிக்குள்ளேயே சேமிக்கப்பட வேண்டும். ஒற்றைப் பொறிக்காக ஒரு காருக்குள் டைனமோவும் கனத்த ஈயப் பேட்டரியும் ஏற்றுவதை எந்த முதலாளி ஒப்புக்கொள்வார்?

அதற்கு வலுவான இன்னொரு காரணம் தேவைப்பட்டது. அந்தக் காரணம் ஒவ்வொரு காரின் முன்னாலும் இரும்புக் கைப்பிடியாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

பொறி நேரத்துக்கு முந்தி விழுந்தால் எஞ்சின் பின்னோக்கி உதைக்கும். கைப்பிடி சுற்றுபவரின் கையில் அது இரும்புத் தடியாக வந்து விழும். மணிக்கட்டு உடைந்தவர்கள், தாடை பெயர்ந்தவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள். கார் வாங்க வசதி இருந்தும் அந்தக் கைப்பிடிக்கு அஞ்சிக் குதிரை வண்டியிலேயே போனவர்களும் இருந்தார்கள். லேலண்டை இது உறுத்தியது. மனிதக் கை படாமல் எஞ்சின் கிளம்ப வேண்டும் என்று அவர் விரும்பினார். டேட்டனை நோக்கித் திரும்பினார்.

மின்பொறியாளர்கள் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையசைத்தார்கள். ஓர் எஞ்சினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார், எஞ்சின் அளவுக்கே இருக்கும் என்றார்கள். அதைத் தூக்கிச் செல்லவே இன்னொரு வண்டி வேண்டியிருக்கும்.

கெட்டரிங்குக்கு அப்போது பணப்பெட்டியின் நினைவு வந்தது. கடைக்காரர் பொத்தானை அழுத்தியதும் கனத்த பெட்டியைத் திறக்கும் மோட்டாரை அவர்தாம் முன்பு செய்திருந்தார். உள்ளங்கையில் அடங்கக்கூடிய மோட்டார், ஒரே ஒரு கணத்துக்கு மட்டும் தன் தகுதிக்கு மீறி உழைத்துவிட்டு ஓய்ந்துவிடும். சூடேறுவதற்குள் வேலை முடிந்திருக்கும். எஞ்சின் கிளம்புவதற்கும் சில நொடிதானே?

பணப்பெட்டியைத் திறந்த கணக்கு, நான்கு சிலிண்டர் எஞ்சினுக்குப் பொருந்துமா?

(அடுத்த வாரம்)